கல்கத்தா கப்பல்னு நினைச்ச ஹார்ன்

அங்கிள்,

இன்னிக்குக் காலைல கடையத் திறந்து ஃபோன சார்ஜ்ல போட்டேன். அது தானாவே உங்க மூஞ்சியத் தூக்கிக் காட்டுச்சு. மேல "போன வருஷம் இதே நாள்"னு எழுத்து, பின்னாடி சோகமா ஒரு பியானோ, உங்க ஃபோட்டோவா வரிசையா ஓடுது. கடை பெஞ்சுல உக்காந்து சமோசா திங்குறீங்க. என் ஹெட்ஃபோன இடம் வலம் மாத்தி மாட்டிக்கிட்டு சிரிக்கிறீங்க. கண்ண மூடிக்கிட்டு சொடக்கு போடுறீங்க. ஃபோனுக்கு என்ன தெரியும், இவரு உனக்குப் புடிச்ச ஆளு, பாருன்னு காட்டுது. நான் பாதிலயே கவுத்துப் போட்டேன். அப்புறம் கஸ்டமர் வர்றதுக்குள்ள மறுபடி எடுத்து முழுசும் பார்த்தேன். அதான் இன்னும் எரியுது எனக்கு.

அதனாலதான் இத டைப் பண்றேன். நீங்க இருந்தப்போ நான் எவ்ளோ நீளமா மெசேஜ் அனுப்பினாலும் ஒரு கட்டைவிரல் மட்டும்தான் திரும்பி வரும். இப்போ அதுவும் வராது. வந்தாலும் அத வச்சு நான் என்ன பண்றது? எனக்கு ஒரே ஒரு கேள்வி இருக்கு, அத எந்த நம்பருக்கு அனுப்புறதுன்னு தெரியல.

நீங்க மொத மொத ஜங்லிகாட்ல நம்ம ஃபோன் ரிப்பேர் கடைக்கு வந்தது நல்ல மழைல. குடைய வாசல்ல சாத்திட்டு, சட்டைக்குள்ள கையவிட்டு ஒரு பிளாஸ்டிக் கவர எடுத்தீங்க. அதுக்குள்ள இன்னொரு கவர், அதுக்குள்ள ஒரு கேசட். "தம்பி, இது ஃபோன்ல வருமா?"ன்னு கேட்டீங்க. நான் சிரிச்சேன். கேசட்ட நான் கைல தொட்டதே அன்னிக்குத்தான். நான் படிச்சது பன்னெண்டாவது, டிஸ்ப்ளே மாத்துறதுலேர்ந்து சவுண்ட் க்ளீன் பண்றது வரைக்கும் மீதியெல்லாம் நெட்ல பார்த்து நானா கத்துக்கிட்டது. "வரும் அங்கிள், டைம் குடுங்க"ன்னு கெத்தா சொல்லிட்டேன். அப்புறம்தான் தேட ஆரம்பிச்சேன்.

பழைய சாமான் வாங்குற கபாடிவாலாகிட்ட ஒரு கேசட் டெக் கிடைச்சுது. உள்ள பெல்ட் உருகி தார் மாதிரி ஒட்டிக் கிடந்துச்சு. முதல்ல ரப்பர் பேண்ட் போட்டு ஓட்டினேன், பாட்டு குடிச்சுட்டுப் பாடுற மாதிரி வந்துச்சு. நீங்க பக்கத்துல நின்னு, "நாங்க இவ்ளோ மோசமாவா பாடினோம்"னு கேட்டீங்களே, அப்பவே நான் உங்க ஃபேன் ஆயிட்டேன். சரியான பெல்ட்ட ஆர்டர் போட்டேன். மெயின்லேண்ட்லேர்ந்து இந்தத் தீவுக்குப் பார்சல் வர்ற கதைதான் உங்களுக்குத் தெரியுமே. தினமும் சாயங்காலம் வந்து எட்டிப் பார்ப்பீங்க, "வந்துச்சா?" "இல்ல அங்கிள்." ஒரு டீ குடிச்சுட்டுப் போவீங்க.

பெல்ட் வந்த அன்னிக்கு ஷட்டர பாதி இறக்கி வச்சுட்டுப் போட்டோம். முதல்ல சொடக்கு. அப்புறம் கீழேர்ந்து உங்க குரல், "தும்... தும்தும்..."னு. கவுன்டர் மேல இருந்த டெம்பர் கிளாஸ் கட்டு லேசா அதிர்ந்துச்சு, சத்தியமா. அதுக்கு மேல மூணு குரல் வந்து உக்காந்துச்சு. கிட்டார் இல்ல, தபலா இல்ல, கீபோர்டு இல்ல. நாலு ஆம்பளைங்க வெறும் வாயால ஒரு பேண்டே நடத்துறாங்க. "நாளைக்குக் கப்பல், நாளைக்குக் கப்பல்"னு அந்த மேல் குரல் ஏங்குது, நீங்க கீழ ஆடாம அசையாம நிக்கிறீங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. வாய்ல தமிழே வரல, "க்யா சீஸ் ஹை அங்கிள்", என்னா அருமைன்னு ஹிந்திலதான் வந்துச்சு.

"எங்க குரூப்பு. மரைன் ஹில் ஃபோர்"னு சொன்னீங்க. இத்தன வருஷம் யாரும் கேக்காத கேள்விக்குப் பதில் சொல்ற மாதிரி மெதுவா சொன்னீங்க.

அன்னிக்கே ஒரு துண்ட வெட்டி ரீல் போட்டேன். எங்கேயோ வெளிநாட்டுலேர்ந்து ஒருத்தர், இதுக்குப் பேரு டூ-வாப், இந்தியால இது இருந்துச்சான்னு கேட்டு கமெண்ட் போட்டாரு. நான் அதத் தேடிப் படிச்சு, அமெரிக்கால தெருமுனைல நின்னு பசங்க இப்படித்தான் பாடியிருக்காங்கன்னு ஓடி வந்து உங்ககிட்ட சொன்னேன். உங்களுக்கு அந்த வார்த்தையே தெரியல. "நாங்க தும்தும் பாட்டுன்னுதான்டா சொல்வோம்"னீங்க.

அப்புறம் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கதை கேட்டேன். நீங்க ஹார்பர்ல க்ளார்க்கு. ராவ் அங்கிள் வொர்க்‌ஷாப்ல வெல்டர், தெலுங்கு. பிஸ்வாஸ் அங்கிள் ஸ்கூல்ல ப்யூன், பெங்காலி. பிலிப் அங்கிள் பேக்கரில, ராஞ்சிக்காரர். நாலு பேருக்கு நாலு பாஷை, சண்டை மட்டும் ஹிந்திலன்னு சொல்லிச் சிரிப்பீங்க. மரைன் ஹில்ல ஒரு ஷார்ட்வேவ் ரேடியோவச் சுத்தி உக்காந்து, கடலுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து வர்ற ஏதோ ஒரு ஸ்டேஷன்ல இந்த மாதிரிப் பாட்ட மொத மொத கேட்டிருக்கீங்க. முழுசா ஒண்ணும் வராது. "பாதிப் பாட்டு கடல்ல விழுந்துடும்டா. மீதிய நாங்களே போட்டுக்குவோம்." இத நான் டிசைன் பண்ணி, உங்க பாட்டுக்குன்னே ஆரம்பிச்ச பேஜோட கவர் ஃபோட்டோவாவே வச்சேன்.

வெயில் காலத்துல ஊருக்கே தண்ணி இருக்காதுல்ல, அப்போ மேட்டுல ஒரு சிமெண்ட் தொட்டி காஞ்சு கிடக்கும், அதுக்குள்ள இறங்கித்தான் உங்க ரிகர்சல். உள்ள நின்னு பாடினா நாலு பேர் நாப்பது பேரா கேக்குமாம். தொட்டிக்குள்ள பேய் இருக்குன்னு பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க அந்தப் பக்கமே வராதாம். மழை வந்து தொட்டி நிறைஞ்சா ஊருக்கு சந்தோஷம், உங்களுக்கு ரிகர்சல் கேன்சல்.

உங்க தொழில நினைச்சா எனக்கு இப்பவும் சிரிப்பு வருது, கோவத்துலயும். கல்யாணத்துக்கு ஆர்கெஸ்ட்ரா வேற ஆளு. நீங்க நாலு பேரும் கரண்ட் போனா பாடுறதுக்கு. அந்தக் காலத்துல எப்போ போகும்னு யாருக்குத் தெரியும், அதனால ஓரமா ஒரு பெஞ்சுல உங்கள உக்கார வச்சிருப்பாங்க. ஊர்ல உங்களுக்கு ஸ்டெப்னின்னே பேரு. "கரண்ட் போகணும் போகணும்னு வேண்டிக்கிட்டே சாப்பிடுவோம்டா"ன்னு சொல்வீங்க. அபர்டீன் பஜார் பக்கம் ஒரு கல்யாணத்துல முதல் பாட்டுலயே போன கரண்ட், பந்தி முடியுற வரைக்கும் வரல. நீங்க நாலு பேரும் தொண்டை காயுற வரைக்கும் பாடியிருக்கீங்க. பொண்ணு வீட்டு சொந்தம்னு மெட்ராஸ்லேர்ந்து வந்திருந்த ஒரு கேசட் கம்பெனிக்காரர் அதக் கேட்டுட்டு, வாங்க, ரெக்கார்டு பண்ணலாம்னு கூப்பிட்டாரு.

இது வரைக்கும் நீங்க சொன்னது எல்லாம் உண்மை. நான் இப்போ செக் பண்ணிட்டேன்.

அதுக்கப்புறம் நீங்க சொன்ன கப்பல் கதை இருக்கே. நாலு பேரும் மெட்ராஸ் கப்பல்ல, இருக்குறதுலயே சீப்பான பங்க் க்ளாஸ்ல போனீங்க. பிஸ்வாஸ் அங்கிளுக்கு முதல் நாளே வாந்தி, பக்கெட்டும் கையுமாவே வந்தாரு. பிலிப் அங்கிள் யார் யாரோடவோ சீட்டாடி எல்லார்கிட்டயும் தோத்தாரு. ராவ் அங்கிள் உப்புக் காத்து தொண்டைக்கு ஆகாதுன்னு வாய்ல துண்டக் கட்டிக்கிட்டு ஊமை மாதிரி டெக்ல நடந்தாரு. இத நீங்க நடிச்சே காட்டினீங்க. கடைல இருந்த ரெண்டு கஸ்டமர் வேலைய மறந்துட்டு நின்னு கேட்டாங்க. நான் அத வச்சு கார்ட்டூன் வீடியோ பண்ணேன் அங்கிள். ராவ் அங்கிள் வாய்ல கட்டுற துண்டுக்கு என்ன கலர்னு உங்கள்ட்டயே கேட்டேன். நீங்க கொஞ்சம் யோசிச்சு, "பச்சைக் கட்டம்"னு சொன்னீங்க.

யோசிச்சீங்க பாருங்க. அத என்னால மன்னிக்க முடியல.

கம்பெனி சீக்கிரமே படுத்துடுச்சு, கேசட்டு இந்தத் தீவுக்கு வரவே இல்ல, இது ஒண்ணுதான் மிச்சம்னு சொன்னீங்க. பிஸ்வாஸும் பிலிப்பும் இறந்துட்டாங்க, ராவ் ஆந்திராவுக்கே போயிட்டான், அட்ரஸ் இல்லன்னீங்க. நான் வருத்தப்பட்டு, சரி, நாம இவங்க குரலயாவது ஊருக்குக் காட்டுவோம்னு பெரிய வீடியோ ஒண்ணு பண்ண ஆரம்பிச்சேன். பாட்டு ஓடும்போது ஸ்க்ரீன்ல நாலு கோடு ஓடும், ஒவ்வொரு குரலுக்கும் ஒரு கலர், பக்கத்துல பேரு. எந்தக் குரல் யாரோடதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் பக்கத்துல உக்காந்து விரல் வச்சுக் காட்டினீங்க. "மேல போறான்ல, அது ராவ்." மஞ்சள் போட்டேன். "நடுவுல இழுக்குறது பிஸ்வாஸ், எப்பவுமே இழுப்பான்." பச்சை. "இந்த மூக்கால பாடுறது பிலிப்." சிவப்பு. உங்களுக்கு நீலம். முடிச்சுப் போட்டுக் காட்டினப்போ பிலிப் அங்கிளோட சிவப்புக் கோட்டப் பார்த்து, பாவம்டா அவன்னு கண்ணத் தொடச்சுக்கிட்டீங்க. நானும் தொடச்சுக்கிட்டேன்.

பாட்டுக்கு முன்னாடி டேப்புல கொஞ்சம் இரைச்சலும் யாரோ பேசுற மாதிரியும் இருந்துச்சு. அது வேண்டாம், ஸ்டுடியோக்காரன் சத்தம், வெட்டிடுன்னீங்க. எனக்குப் பாட்டுக்குப் போற அவசரம். கேக்காமலே வெட்டிட்டேன்.

நீங்க திடீர்னு போனீங்க. உங்க பையன் மெயின்லேண்ட்லேர்ந்து ஃப்ளைட் புடிச்சு வந்தாரு. எல்லாம் முடிஞ்சு திரும்புறப்போ கடைக்கு வந்து, அப்பா உங்களப் பத்திதான் எப்பவும் பேசுவாருன்னு சொல்லி கேசட்ட என் கைல குடுத்துட்டுப் போனாரு. நான் கடைய மூடிட்டு உள்ள உக்காந்து அழுதேன். எங்க அம்மா, சொந்தத் தாத்தா செத்ததுக்குக் கூட நீ இப்படி அழலியேடான்னு திட்டினாங்க. அப்புறம் அஞ்சலின்னு அந்த வீடியோவ மறுபடி போட்டேன். நம்ம ஊரே ஷேர் பண்ணுச்சு. அதுக்குக் கீழ ஒரு அக்கா கமெண்ட் போட்டாங்க: "என் அப்பாவும் இந்த குரூப்ல பாடினவருதான். கராச்சர்மால இருக்கோம்."

கராச்சர்மா. ஜங்லிகாட்லேர்ந்து ஸ்கூட்டர்ல ஒரு பாட்டு முடியுறதுக்குள்ள போயிடலாம்.

அப்பவும் எனக்கு உங்க மேல சந்தேகம் வரல. உங்களுக்கே தெரியாம ராவ் அங்கிள் திரும்பி வந்துட்டாரு போலன்னு நினைச்சு, இது தெரியாமலே போயிட்டீங்களேன்னு உங்களுக்காக வருத்தப்பட்டேன். புளூடூத் ஸ்பீக்கர் ஒண்ணு எடுத்துக்கிட்டு, வழியில ஸ்வீட் வாங்கிக்கிட்டுப் போனேன். கமெண்ட் போட்ட லதா அக்காதான் கதவத் திறந்தாங்க. ராவ் அங்கிள் லுங்கியும் பனியனுமா நாற்காலில உக்காந்திருந்தாரு. அவருகிட்ட ஸ்மார்ட்ஃபோன் கிடையாது. அந்த வீடியோவ அவரு அது வரைக்கும் பார்க்கல. அப்பாவுக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு லதா அக்கா எனக்காக வெயிட் பண்ணியிருக்காங்க.

போட்டேன். உங்க "தும்" வந்த உடனே அவரு மூஞ்சி மலர்ந்துச்சு. "ஹா, அதான் அவன்"னு தொடையத் தட்டினாரு. அப்புறம் மேல் குரல் வந்துச்சு. லதா அக்கா ஃபோனக் காட்டி, "அப்பா, இந்த மஞ்சள் கோடு நீங்க"ன்னாங்க. அவரு சிரிப்பு அப்படியே நின்னுச்சு, எடுக்க மறந்த மாதிரி. பாட்டு முடிஞ்சதும் இன்னொரு தடவ போடச் சொன்னாரு. போட்டேன்.

"பேட்டா, இது யாரு?"

"நீங்கதான் அங்கிள்."

"நான் இல்ல."

வயசாயிடுச்சு, மறந்திருப்பாருன்னு நினைச்சேன். லதா அக்காவும் அப்படித்தான், மெட்ராஸ்ல பாடினது உங்களுக்கு ஞாபகம் இல்லியாப்பான்னு மெதுவா கேட்டாங்க. அவரு அவங்களப் பார்க்காம என்னப் பார்த்துச் சொன்னாரு: "நான் மெட்ராஸே பார்த்ததில்ல."

அப்புறம் அவரு சொன்னத உங்ககிட்ட திருப்பிச் சொல்றேன், நீங்க மறந்திருந்தா. கப்பல் கிளம்புற நாள் காலைல நீங்க சைக்கிள்ல ஒவ்வொரு வீடா போயிருக்கீங்க. ஷிப் போஸ்ட்போன், புது டேட் வந்தா நானே சொல்றேன்னு சொல்லியிருக்கீங்க. ஒருத்தரும் ஏன்னு கேக்கல. நம்ம ஊர்ல யாரு கேப்பா? கப்பல் சொன்ன நாள்ல கிளம்பினாத்தானே நமக்கு சந்தேகம் வரும். அதுவும் சொன்னது நீங்க. ஹார்பர்ல க்ளார்க்கு. கப்பல் எப்போன்னு அக்கம்பக்கமே உங்கள்ட்டதான் கேக்கும். ராவ் அங்கிள் அயர்ன் பண்ணி மடிச்சு வச்ச ரெண்டு சட்டையையும் பெட்டிலேர்ந்து எடுத்துத் திரும்ப மாட்டிட்டாரு. சாயங்காலம் ஹார்பர்லேர்ந்து ஹார்ன் கேட்டுச்சாம். இது உங்க கப்பல் இல்லியேன்னு அவரு வீட்டுக்காரம்மா கேட்டிருக்காங்க. "இல்ல இல்ல, அது கல்கத்தா கப்பல்"னு சொல்லிட்டு இவரு சாப்பிட உக்காந்துட்டாரு.

நீங்க அதுல இருந்தீங்க.

ரொம்ப நாள் கழிச்சுத் திரும்பி வந்து, மெயின்லேண்ட்ல அம்மாவுக்கு சீரியஸ்னு தந்தி, எமர்ஜென்சில பெர்த் கிடைச்சுது, சொல்ல நேரமில்லன்னீங்களாம். போன இடத்துல கம்பெனிக்காரரப் பார்த்தேன், இனிமே முடியாதுன்னுட்டாருன்னும் சொன்னீங்களாம். ராவ் அங்கிள் உங்களக் கட்டிப் புடிச்சு, "விடுடா, அம்மாதான் முக்கியம்"னு ஆறுதல் சொல்லியிருக்காரு. ஆறுதல் அங்கிள். உங்களுக்கு. அப்புறம் கொஞ்ச நாள் பாடியிருக்கீங்க. கல்யாண வீட்டுக்கெல்லாம் ஜெனரேட்டர் வந்துச்சு, ஸ்டெப்னிக்கு வேலை இல்லாமப் போச்சு. குரூப்பு அப்படியே நின்னுடுச்சு. பிஸ்வாஸ் அங்கிளும் பிலிப் அங்கிளும் கடைசி வரைக்கும் அந்தத் தந்திய நம்பிட்டேதான் செத்திருக்காங்க. ராவ் அங்கிளும் நம்பிக்கிட்டுத்தான் இருந்தாரு, நான் ஸ்பீக்கரும் ஸ்வீட்டுமா போய் நிக்கிற வரைக்கும்.

ஏன் இப்படிப் பண்ணாருன்னு நான்தான் கேட்டேன். அந்தக் கல்யாணத்துலயே கம்பெனிக்காரன் எங்க மூணு பேரோட தமிழக் கேட்டு சிரிச்சான், பாட்டுல தமிழ் சரியா வரணும், நீ மட்டும் வா, மத்த குரலுக்கு அங்க ஆள் இருக்குன்னு சொல்லியிருப்பான்னாரு. "அத எங்கள்ட்ட சொல்லியிருக்கலாம். நாங்க நல்லா திட்டியிருப்போம். அப்புறம் போய்ட்டு வாடா சாலேன்னு ஹார்பர் வரைக்கும் வந்திருப்போம்."

இன்னொண்ணும் சொன்னாரு. போன வருஷம் அபர்டீன் பஜார்ல உங்களப் பார்த்தாராம். நீங்க கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய் சாய் வாங்கிக் குடுத்தீங்களாம். முட்டிவலி, ரேஷன், லதா அக்கா கல்யாணம்னு எல்லாம் பேசினீங்களாம். அப்போ நம்ம பேஜ் ஓடிக்கிட்டு இருந்துச்சு அங்கிள். அந்த மஞ்சள் கோடு ஊரெல்லாம் சுத்திக்கிட்டு இருந்துச்சு. அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லல நீங்க. அவருக்கு ஃபோன் இல்லன்னு உங்களுக்குத் தெரியும். என்கிட்ட அவரு ஆந்திரால இருக்காருன்னு சொல்லி வச்சிருந்தீங்க. ரெண்டு பேரையும் சந்திக்க விடாம நடுவுல நீங்க அழகா நின்னீங்க.

வீட்டுக்கு வந்து, வெட்டாத ஒரிஜினல் ஃபைல எடுத்தேன். முன்னாடி இருந்த அந்த இரைச்சல க்ளீன் பண்ணேன். ரொம்ப நேரம் ஆகல. ஒரு சின்ன வயசுக்காரர் குரல், மெட்ராஸ் தமிழ்ல தெளிவா கேட்டுச்சு: "சார், நாங்க மூணு பேரும் இந்தப் பக்கம் நின்னுக்கட்டுமா?"

சார். பிஸ்வாஸ் அங்கிள் உங்களக் கூப்பிடுற கெட்ட வார்த்தையெல்லாம் நீங்களே எனக்குச் சொல்லியிருக்கீங்க. அவங்கள்ல எவராச்சும் உங்கள சார்னு கூப்பிட்டிருப்பாங்களா?

வீடியோவ டெலீட் பண்ணலாம்னு போனேன், கை வரல. பாட்டு நல்ல பாட்டு, அதுதான் கொடுமை. கோடுங்க பக்கத்துல இருந்த பேர எல்லாம் எடுத்தேன். நீலத்துக்குப் பக்கத்துல மட்டும் உங்க பேர விட்டேன். கீழ நடந்தத நடந்தபடி எழுதினேன், மத்த மூணு பேர் யாருன்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னு. செத்தவரப் பத்தி இப்படி எழுதுவியா, வ்யூஸுக்கு என்ன வேணா பண்ணுவியான்னு கிழிச்சாங்க. உங்க பையன் கூப்பிட்டாரு. கத்துவாருன்னு நினைச்சேன், கத்தல. எங்க அப்பாகிட்ட பெருமையா சொல்லிக்க இருந்தது அது ஒண்ணுதான் தம்பி, அதையும் எடுத்துட்டியேன்னாரு. அவருகிட்ட எனக்குக் கோவமே இல்ல. ஆனா ராவ் அங்கிளுக்கு அது கூட இல்லியே.

அதான் விஷயம். ராவ் அங்கிள் குரல் உலகத்துல எந்த இடத்துலயும் இல்ல. ஒரு டேப்பு, ஒரு ரேடியோ, ஒண்ணும் இல்ல. கேட்ட ஆளுங்க பாதிப் பேர் செத்தாச்சு. மூச்சு வாங்குது அவருக்கு, லதா அக்கா மாடிப்படி ஏற விடுறதில்ல. இன்னும் எவ்ளோ நாள் பாட முடியும்னு தெரியல. நான் திரும்பிப் போய், அங்கிள், உங்க பார்ட்ட மட்டும் பாடுங்க, ரெக்கார்டு பண்ணிக்கிறேன்னு கேட்டேன். மாட்டேன்னுட்டாரு. மறுபடி போனேன். மாட்டேன்னாரு. மூணாவது தடவ லதா அக்கா என்னப் பார்த்து, பேசாம உக்காருன்னு கண்ண காட்டினாங்க. உக்காந்தேன். அப்புறம் அவரே சொன்னாரு: "தனியா எப்படிப் பாடுறது பேட்டா? கீழ ஒரு ஆளு வேணாமா?"

கீழ் குரல் எனக்குத் தெரியும். நான் பாடுவேன்னு உங்ககிட்ட கூட சொன்னதில்ல, வெக்கமா இருக்கும். ஆனா அந்தப் பாட்ட க்ளீன் பண்றேன்னு எத்தன ஆயிரம் தடவ கேட்டிருக்கேன், உங்க "தும்" ஒவ்வொண்ணும் எனக்கு மனப்பாடம். குளிக்கும்போது அதான், ஸ்கூட்டர்ல அதான்.

முன் ரூம்ல உக்காந்தோம். சத்தம் வரும்னு லதா அக்கா ஃபேன நிறுத்தினாங்க. மத்தியானம், வேர்த்து ஊத்துது. ஃபோன ஸ்டூல் மேல நிக்க வச்சேன். அவரு சொடக்கு போட்டாரு, நான் கீழேர்ந்து ஆரம்பிச்சேன். அவரு உள்ள வந்தாரு. வயசான குரல்தான், உடையுது, ஆனா அந்த மெட்ராஸ் ஆளு மாதிரி வழுக்கிக்கிட்டுப் போகல. ஒவ்வொரு சத்தத்தையும் கையால புடிச்சுப் புடிச்சு ஏறுறாரு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. ரெண்டாவது வரில கைய நீட்டி நிறுத்தினாரு.

"கப்பல்னு முடிஞ்ச உடனே மூச்சு விடாத."

டேப்புல அந்த இடத்துல நீங்க ஒரு நொடி நிறுத்துவீங்க. பாட்டே அங்க நின்னு மறுபடி கிளம்பும். நான் அத ஸ்டைல்னு நினைச்சிருந்தேன் அங்கிள், அந்த ஒரு நொடிக்காகவே தனியா ரீல் போட்டிருக்கேன். ராவ் அங்கிள்ட்ட சொன்னேன், டேப்புல அப்படித்தானே இருக்குன்னு.

"அவனுக்கு அங்க மூச்சு பத்தாது. எப்பவுமே பத்தாது. நாங்க மூணு பேரும் அந்த இடத்துல இழுத்துப் புடிச்சு மறைச்சுடுவோம், யாருக்கும் தெரியாது." ஃபோனக் காட்டினாரு. "இந்த மெட்ராஸ்காரனுங்க மறைக்கல. பாவம், தெரிஞ்சிருக்காது."

மறுபடி ஆரம்பிச்சோம். நான் மூச்ச நல்லா இழுத்து வச்சுக்கிட்டேன். ஆனா உங்களக் கேட்டுக் கத்துக்கிட்டது, உடம்புல ஏறிடுச்சு, அது கழண்டு வர மாட்டேங்குது. இன்னி வரைக்கும் வரல. கப்பல்னு முடிஞ்ச உடனே அன்னிக்கும் எனக்கு உங்கள மாதிரியே தீர்ந்து போச்சு, விட்டுட்டேன். இப்போ நிறுத்துவாரு, திட்டுவாருன்னு பார்த்தேன். அவரு நிறுத்தல. அந்த நொடில அவரு குரல் கொஞ்சம் அகலமாச்சு, என் மேல வந்து படுத்துக்கிச்சு, நான் மூச்சு வாங்கி முடிக்கிற வரைக்கும் அங்கேயே இருந்துச்சு. கண்ண மூடியிருந்தாரு. யோசிச்சுப் பண்ணதா தெரியல.

ரெக்கார்டிங்ல போட்டுக் கேட்டுப் பார்த்தேன். ஓட்டை தெரியல.

இத விட்டுட்டுத்தானா அங்கிள் நீங்க கப்பல் ஏறினீங்க?